எல்லையோரப் பள்ளிகளுக்கு அறிவியல் வண்டி: 25 சோதனைகள் போதுமா?

கேள்வி, 9 ஜூன் 2024

நாங்கள் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவில் பணியாற்றும் மூன்று ஆசிரியர்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் பகுதிகளில் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளுக்கு இந்த ஆண்டு ஓர் அறிவியல் செயல்விளக்க நிகழ்ச்சியைக் கொண்டுசெல்ல விரும்புகிறோம். 25 சோதனைகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மேடை, ஒலிபெருக்கி, நாளுக்கு இரண்டு பள்ளி, பள்ளிக்கு 300 பிள்ளைகள் என்பது திட்டம். அனுபவம் உள்ளவர்கள் பட்டியலைப் பார்த்து, எது விடுபட்டிருக்கிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில், 9 ஜூன் 2024, இரவு

பட்டியலில் எதுவும் விடுபடவில்லை. 20 சோதனைகள் கூடுதலாக இருக்கின்றன. இதைச் சொல்வதற்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பட்டியலுக்குப் பின்னால் உள்ள உழைப்பு எனக்குத் தெரியும். நானும் அப்படியொரு பட்டியலோடுதான் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் மேடை போட்டுத்தான் நடத்தினேன். கைத்தட்டல் நிறையக் கிடைத்தது. தாமிரக் குழாய்க்குள் காந்தம் மெதுவாக இறங்கும்போது முன்வரிசைப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு என் முதுகும் மைக்கும்தான் தெரிந்தன. மூன்றாம் ஆண்டு, ஏற்கெனவே சென்ற ஒரு பள்ளிக்கு மறுபடியும் போயிருந்தபோது, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் போன முறை என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "சார் மேஜிக் காட்டினீங்க" என்றான். அவன் பாராட்டாகத்தான் சொன்னான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். ஒரு நேரத்தில் ஒரு வகுப்பு, 40 பிள்ளைகள், ஐவர் ஐவராக எட்டுக் குழு. ஐந்தே பொருள்கள், ஒவ்வொன்றிலும் குழுவுக்கு ஒன்றாக எட்டு. ஒன்றரை மணி நேரம். ஒலிபெருக்கி இல்லை. ஒரு நாளுக்கு ஒரே பள்ளி, அதில் மூன்று வகுப்புகள். 300 பேருக்குக் காட்டினோம் என்று அறிக்கையில் எழுத முடியாது. 120 பேர் தொட்டார்கள் என்று எழுதலாம்.

11 ஜூன் 2024

வண்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய ஆம்னி வேன் போதும். பின் இருக்கையைக் கழற்றிவிட்டு, காய்கறிக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் கூடைகளைக் குழுவுக்கு ஒன்றாக எட்டு வாங்கி அடுக்குங்கள். பொருள்வாரியாக மூட்டை கட்டாதீர்கள், குழுவாரியாகக் கட்டுங்கள். பள்ளியில் இறங்கியதும் எட்டுக் கூடையை எட்டு இடத்தில் வைத்தால் வேலை தொடங்கிவிடும். நான் இதைக் கற்க ஐந்து ஆண்டுகள் ஆயின.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும்போது ஒருமுறை சோதனைச் சாவடியில் கூடைகளைத் திறக்கச் சொன்னார்கள். குழாயையும் காந்தத்தையும் கண்டு இது என்ன என்று கேட்ட காவலரின் கையிலேயே கொடுத்தேன். காந்தத்தைப் போட்டார், குழாய்க்குள் எட்டிப் பார்த்தார், மறுபடியும் போட்டார். பிறகு ஒரு சாதாரண இரும்புத் துண்டைத் தேடி எடுத்துப் போட்டார். அது சட்டென்று விழுந்தது. நான் ஒரு சொல்லும் சொல்லாமல் அவராகவே ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு பிள்ளை செய்ய வேண்டியதும் அதுதான்.

ஓர் எச்சரிக்கை. அந்தக் காந்தம் நியோடிமியம் என்னும் மிக வலுவான வகை என்றால், விழுங்கக்கூடிய அளவில் உள்ளதை வாங்காதீர்கள். இரண்டு சிறிய காந்தங்கள் வயிற்றுக்குள் போனால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு துளையிட்டுவிடும். பெரிய காந்தமாக வாங்கி, நூல் கட்டிக் கொடுங்கள். திரும்பப் பெறும்போது எண்ணிப் பெறுங்கள்.

16 ஜூன் 2024

பாலக்காட்டுக் கணவாயில் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் காற்றைக் கேட்டுத்தான் சோதனைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடப்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் காற்று இந்த வாசல் வழியாக நெருக்கிக்கொண்டு கிழக்கே போகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. பட்டியலில் நீங்கள் எழுதியிருக்கும் மெழுகுவர்த்திச் சோதனைகள் நான்கும் ஜூலையில் திறந்த வராந்தாவில் நடக்கவே நடக்காது.

அதற்குப் பதிலாக அந்தக் காற்றையே எடுத்துக்கொள்ளலாம். பனையோலைக் காற்றாடியை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓலையையும் கருவேல முள்ளையும் கொடுத்தால் அவர்களே செய்துவிடுவார்கள். மடிப்பை இடப்பக்கம் மாற்றினால் எந்தப் பக்கம் சுற்றும், ஓலை நீளமானால் வேகம் கூடுமா குறையுமா என்று இரண்டு கேள்விகளை மட்டும் போட்டுவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். ஒரு மணி நேரம் போவது தெரியாது.

சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை இழுக்கும் நிலைமின்சாரச் சோதனைகளையும் ஜனவரிக்குத் தள்ளிவையுங்கள். மழைக்கால ஈரத்தில் மின்னூட்டம் நிற்காது.

17 ஜூன் 2024

நெம்மாறையிலிருந்து எழுதிய ஆசிரியை, மழைநாளிலும் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலைக் கம்பளித் துணியில் தேய்த்தால் வேலை செய்கிறது என்கிறார். இன்று காலை என் வீட்டில் செய்து பார்த்தேன். செய்கிறது, ஆனால் நான்கைந்து நொடிகளில் தளர்ந்துவிடுகிறது. நான் "நிற்காது" என்று எழுதியது மிகை. "நீடிக்காது" என்று திருத்திக்கொள்கிறேன். டிசம்பர் கடைசியில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று திரும்பியதும் அதே குழல் சுவரில் ஒட்டிக்கொண்டு நிமிடக்கணக்கில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே பள்ளியில் இரண்டு பருவத்திலும் செய்து நேரத்தைக் குறித்து வைத்தால், பிள்ளைகள் காற்றின் ஈரத்தையே அளந்தவர்களாவார்கள். இது இப்போதுதான் தோன்றுகிறது. அடுத்த ஜனவரியில் செய்து பார்க்க வேண்டும்.

30 ஜூன் 2024

"நிகழ்ச்சியைத் தமிழில் நடத்துவதா மலையாளம் கலந்தா?" என்ற கேள்விக்கு மூன்று வாரமாக விடை எழுதத் தயங்கினேன். நான் பல முறை தவறிய இடம் இது.

கேரளத்தில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு மாநிலக் கல்வி ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமே தமிழில் பாடநூல் தயாரித்துத் தருகிறது. ஆகவே புத்தகத்தில் விசை, அழுத்தம், அடர்த்தி என்றே படிக்கிறார்கள். ஆனால் தெருவிலும் தொலைக்காட்சியிலும் அவர்கள் காதில் விழுவது வேறு. பக்கத்து மலையாளவழி வகுப்பில் விசைக்குப் பெயர் பலம். அழுத்தத்துக்குப் பெயர் மர்த்தம். ஒருமுறை நான் "விசை என்றால் என்ன?" என்று கேட்டுத் தொடங்கினேன். வகுப்பே அமைதியாக இருந்தது. மலையாளவழியிலிருந்து அந்த ஆண்டுதான் மாறி வந்திருந்த ஒரு சிறுமி "பலம்" என்றாள். மற்றவர்கள் பயில்வானை நினைத்துச் சிரித்துவிட்டார்கள். அவள் சொன்னது முழுக்கச் சரி. அதன்பின் அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் வாய் திறக்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது. பெயரை முதலில் கேட்டது நான்.

இப்போது முதலில் கயிற்றைக் கொடுக்கிறேன். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, மூன்றாமவர் நடுவில் ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டு, கயிற்றை நேராக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் கயிறு முழுக்க நேராகாது. "வலி, வலி!" என்று கத்துவார்கள். இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இழுப்பது என்றால் வலிப்பதுதான். பொள்ளாச்சியிலிருந்து வந்த என் நண்பர் அதைக் கேட்டு யாருக்கு வலிக்கிறது என்று பதறிப்போனார். துடுப்பு வலிப்பது என்று நம் பழைய நூல்களிலும் இருக்கிறதே, அது மலையாளத்திலிருந்து ஒட்டிக்கொண்ட சொல் அல்ல, இங்கே பிழைத்துக் கிடக்கும் சொல் என்று அவருக்குச் சொன்னேன். கை வலித்து முடித்த பிறகு, அந்தக் கை செய்ததற்குத் தமிழ்ப் புத்தகம் விசை என்கிறது, மலையாளப் புத்தகம் பலம் என்கிறது என்று கரும்பலகையில் இரண்டையும் எழுதினால் யாரும் சிரிப்பதில்லை. பொருள் கையில் இருக்கும்போது பெயர் எத்தனை இருந்தாலும் பிள்ளைகள் குழம்புவதில்லை.

உங்கள் 25 சோதனைகளின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் தலைப்பாக "பெர்னௌலி தத்துவம்", "நிலைமம்" என்று பெயர்தான் முதலில் நிற்கிறது. அதை எடுத்துவிட்டு, பிள்ளை கையால் என்ன செய்யும் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாத சோதனையைக் கைவிடுங்கள்.

14 ஜூலை 2024

மெழுகுவர்த்தியைப் பற்றி நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடிக் குவளை. சுடர் அணையும், தண்ணீர் குவளைக்குள் ஏறும். "ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் எரிந்துபோனதால் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது" என்று நான் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள், சில ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். என் ஆசிரியர் எனக்குச் சொன்னது அது.

அது தவறு. சுடர் குவளைக்குள் உள்ள காற்றைச் சூடாக்கி விரியவைக்கிறது. ஒரு பகுதி விளிம்பின் அடியில் குமிழியாக வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் போன இடத்தில் கரியமில வாயுவும் நீராவியும் வந்துவிடுகின்றன என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. சுடர் அணைந்த பிறகும் உள்ளே கணிசமான ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது. உன்னிப்பாகப் பார்த்தால் தண்ணீர் பெரும்பாலும் ஏறுவது சுடர் அணைந்த பிறகுதான்; எரியும்போது ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே போவதால் ஏறுவதென்றால் அப்போதே அல்லவா சீராக ஏற வேண்டும்? ஆறு ஆண்டுகள் என் கண் முன்னால் அது நடந்திருக்கிறது. விடை தெரியும் என்று நினைத்ததால் நான் பார்க்கவில்லை.

15 ஜூலை 2024

எப்படித் தெரியவந்தது என்று கேட்கிறீர்கள். காற்றால்தான். ஆகஸ்டு மாதம், வடகரப்பதிப் பக்கம் ஒரு பள்ளி. மெழுகுவர்த்தி அணைந்துகொண்டே இருந்ததால் ஒரு குழு மூன்று மெழுகுவர்த்திகளைச் சேர்த்து நட்டுவிட்டது. அவர்கள் குவளையில் தண்ணீர் மற்ற எல்லாக் குழுவையும்விட உயரமாக ஏறியது. "சார், எங்க கிளாஸ்ல மட்டும் ஆக்சிஜன் ஜாஸ்தியா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. ஒரே அளவுக் குவளை, ஒரே காற்று. என்னிடம் விடை இல்லை. தெரியவில்லை, அடுத்த வாரம் வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டுத் திண்ணையில் நான்கு நாள் உட்கார்ந்து செய்தேன். அடுத்த வாரம் அந்த வகுப்புக்கு மட்டும் தனியாகப் போய்ச் சொன்னேன். மற்ற பள்ளிகளுக்குத் தபால் அட்டை எழுதினேன். எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்ததோ.

ஆகவே ஜூன் 16 குறிப்பில் மெழுகுவர்த்தி "நடக்கவே நடக்காது" என்று எழுதியதைச் சற்று இளக்குகிறேன். வகுப்பறைக்குள், சன்னலைச் சாத்தி, ஒரு மெழுகுவர்த்தி, இரண்டு, மூன்று என்று குழுவுக்குக் குழு மாற்றிக் கொடுத்துச் செய்யுங்கள். விளக்கத்தை நீங்கள் சொல்லாதீர்கள்.

4 ஆகஸ்ட் 2024

மஞ்சள் தாள் பற்றி. மஞ்சள் கரைசலில் தோய்த்துக் காயவைத்த தாள் சுண்ணாம்பு நீரில் சிவக்கும், புளித்தண்ணீரில் மறுபடி மஞ்சளாகும். எல்லோருக்கும் தெரிந்த சோதனை. இதில்தான் என் வாழ்நாளின் மோசமான பகல் ஒன்றும் நடந்தது. ஒரு பள்ளியில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைவாகவே கிண்ணத்தில் வைத்துவிட்டேன். விரலில் ஒட்டிய சுண்ணாம்போடு ஒரு சிறுவன் கண்ணைக் கசக்கிவிட்டான். குழாயடியில் வைத்து இருபது நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து குழைவான சுண்ணாம்பு பிள்ளைகள் கைக்குப் போவதில்லை. தெளியவைத்து இறுத்த நீர், சொட்டுக் குப்பியில், பெரியவர் கையில் மட்டும். கீழ்வகுப்புகளுக்குச் சோப்புத் தண்ணீரே போதும். தாள் அதிலும் சிவக்கும்.

அந்தச் சோதனையை ஏன் விட்டுவிடவில்லை என்றால், கள் இறக்கும் குடும்பத்துப் பிள்ளைகளால். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. இந்தப் பக்கம் சித்தூர்த் தோப்புகளில் அது அன்றாடத் தொழில். தாள் சிவந்ததைப் பார்த்த ஓர் எட்டாம் வகுப்புப் பெண், "எங்க தாத்தா கலயத்துல இதத்தான் தடவுவாரு, தடவுனா பதநீரு, தடவாம விட்டா கள்ளு" என்றாள். புளிப்பு ஏறவிடாமல் சுண்ணாம்பு தடுக்கிறது, நொதிக்கவைக்கும் நுண்ணுயிரை வளரவிடாமல் வைக்கிறது என்பதை அவள் வீட்டில் நெடுங்காலமாகக் கையால் அறிந்திருக்கிறார்கள். மறுநாள் அவளே இரண்டு கலயத்தில் பதநீரும் கள்ளும் கொண்டுவருவதாகச் சொன்னாள். தலைமையாசிரியர் பதறிவிட்டார், நியாயம்தான். பதநீரை மட்டும் வரவழைத்து, சாயங்காலம் வரை மணிக்கொரு தாளாக நனைத்துக் காயவைத்தோம். அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

6 ஆகஸ்ட் 2024

இப்படி ஊர் ஊராகப் போவது புதிய யோசனை என்று ஒருவர் பாராட்டியிருக்கிறார். இல்லை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962-இல் தொடங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-இல். 1987-இல் நாடெங்கும் நடந்த பாரத மக்கள் அறிவியல் பயணத்தைச் சிறுவனாகத் தெருமுனையில் நின்று பார்த்தவன் நான். ஆந்திர எல்லையில் குப்பத்தில் அகஸ்தியா அறக்கட்டளை மோட்டார் சைக்கிளிலேயே சோதனைப் பெட்டியை ஏற்றி அனுப்புகிறது. நாம் சின்ன வண்டி.

26 ஆகஸ்ட் 2024

நேற்றைய நிழலில்லா நாளை மேகம் விழுங்கிவிட்டது. கொழிஞ்சாம்பாறை அட்சரேகையில் ஏப்ரல் 18-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 25-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது. முதல் நாள் கோடை விடுமுறையில் வரும், இரண்டாவது நாள் மழையில். நான் பள்ளிப் பிள்ளைகளோடு ஒருமுறைகூட இதைப் பார்த்ததில்லை.

ஆனால் ஓட்டுக்கூரைப் பள்ளிகளில் சூரியன் தானாகவே உள்ளே வருகிறது. ஓட்டின் விரிசல் எந்த வடிவத்தில் இருந்தாலும் தரையில் விழும் வெளிச்சப் பொட்டு வட்டமாகவே இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது விரிசலின் வடிவமல்ல, சூரியனின் படம். மூன்று மீட்டர் தொலைவுக்கு ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் அகலம் வரும். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று விடுமுறை என்றாலும் ஒரு தலைமையாசிரியை பள்ளியைத் திறந்து வைத்தார். தரை முழுவதும் பிறைகள் கிடந்தன. வந்திருந்த பதினொரு பிள்ளைகளும் பிறைகளை மிதிக்காமல் நடந்தார்கள். கான்கிரீட் கட்டடம் வந்ததும் அந்தப் பள்ளியில் அந்தப் பொட்டுகள் போய்விட்டன. இப்போது அங்கே அட்டைப்பெட்டியில் ஊசித்துளைப் படப்பெட்டி செய்கிறோம்.

24 செப்டம்பர் 2024

ஓணம் விடுமுறை முடிந்து நேற்றுதான் பள்ளி திறந்தது. பகலும் இரவும் சமமாகும் நாளுக்கு மறுநாள். ஒரு மீட்டர் குச்சி, தூக்குநூல், சாணி மெழுகிய தரை. நிழல் மிகக் குறுகியது 12 மணி 15 நிமிடத்தில். "பன்னிரண்டுக்குத்தானே உச்சி?" என்று எல்லோரும் கேட்டார்கள், நம் கடிகாரம் அலகாபாத்துக்குப் பக்கத்தில் போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்குரியது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம் என்று உலக உருண்டையில் காட்டினேன். நிழல் 19.5 சென்டிமீட்டர். கன்னியாகுமரியில் என் நண்பர், அதே உயரக் குச்சியில், தம் பள்ளித் தேர்வுக்கு நடுவே ஓடிப்போய் அளந்தது 14.9. பிள்ளைகள் தாளில் முக்கோணம் வரைந்து பாகைமானி வைத்துப் பார்த்ததில் கோண வித்தியாசம் இரண்டரைப் பாகை. வரைபடத்தில் வடக்கு தெற்காக இடைவெளி சுமார் 290 கிலோமீட்டர். முழு வட்டமான 360 பாகையில் இரண்டரைப் பாகை 144 முறை அடங்கும்; 290-ஐ 144-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 41,760 கிலோமீட்டர். துருவங்கள் வழியாக உண்மையான சுற்றளவு 40,008.

25 செப்டம்பர் 2024

பாகைமானிக்குப் பதில் கணிப்பான் வைத்துச் செய்தால் வித்தியாசம் 2.56 பாகை, சுற்றளவு ஏறக்குறைய 40,800 என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். சரிதான். இருந்தாலும் பிள்ளைகளின் 41,760-ஐ நான் கரும்பலகையிலிருந்து அழிக்கவில்லை. குச்சியையும் அங்கேயே விட்டுவந்தேன். வண்டி போன பிறகும் பள்ளியில் இருக்கும் பொருள் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதை ஜூன் மாதமே எழுதியிருக்க வேண்டும்.

19 ஜனவரி 2025

உறிஞ்சுகுழல்: அதே பள்ளி, அதே சுவர். ஜூலையில் ஆறு நொடி. வெள்ளிக்கிழமை ஏழு நிமிடத்துக்கு மேல். குறித்துவைத்தது பிள்ளைகள்.

2 பிப்ரவரி 2025

உங்கள் ஐந்து சோதனைகளின் புதிய பட்டியலைப் பார்த்தேன். கயிறும் செங்கல்லும் முதலில் வைத்தது நல்லது. நாளைப் பற்றி மட்டும் ஒரு சொல்: பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் என்பதால் எல்லாப் பள்ளிகளும் அந்த ஒரு வாரத்துக்கே அழைக்கும், மார்ச்சில் தேர்வு வந்துவிடும். ஒத்துக்கொண்டால் மறுபடியும் மேடை, ஒலிபெருக்கி, 300 பிள்ளைகள்தான். அந்த வாரத்துக்கு ஒரு பள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களிடம் ஜூன் தேதியைக் கேட்டு வாங்குங்கள். காற்றும் அப்போது வந்துவிடும்.

எட்டுக் கூடைகளில் நான்கை உங்களுக்கு இரவல் தருகிறேன். வியாழக்கிழமை மாலை கொழிஞ்சாம்பாறைப் பேருந்து நிலையத்துக்கு வாருங்கள். காந்தங்கள் நான்கு, எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.